பதினாலாம் தாளின் கீழ்ப்பாதி

திங்கட்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இந்த உறையில் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருக்கிறது. நான்காக மடித்து ஓரத்தில் பின் அடித்திருக்கிறேன். கடிதத்தை முடித்த பிறகு அதைப் பிரித்தால் போதும். படிக்காமலே இரண்டையும் தூக்கிப் போடவும் உனக்கு உரிமை உண்டு. "அப்பாவோட தாள் எதுவும் இந்த வீட்டுக்குள்ள வர வேணாம்மா" என்று போன மாதம் நீ போனில் சொன்னது எனக்குத் தெரியும். அம்மா சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. துணி மடிக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுவைப்பது அவள் வழக்கம். பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வழக்கம்.

நீ சொன்ன மற்றதும் என் காதில் விழுந்தது. குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு பிடிபடவில்லை என்றாய். அவள் கணக்கு நோட்டைத் திறந்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன் என்றாய். மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்வரை அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் காத்திருக்கிறாள் என்றும் சொன்னாய். எட்டு வயதுக் குழந்தை அப்படிக் காத்திருப்பதை அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் உள்ளே வைத்திருப்பது என்னுடைய தாள் இல்லையம்மா. உன்னுடையது.

முதலில் வீட்டுச் செய்திகள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார், போனார். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஆனால் லிஃப்ட் பழுதானால் மட்டும் அது உடனே திரும்பி வந்துவிடுகிறது. நான் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம் போகிறேன். அதே அறை, அதே மூன்று மேஜைகள். பள்ளிக்கூடங்களுக்குப் போகும் பயிற்சித் தாள்களுக்கு நான் கணக்கு எழுத, ஓவியர் படம் போட, பக்கம் கோக்கும் பெண்மணி கணினியில் அதையெல்லாம் அடுக்க. ஓவியருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆயிற்று. பன்னிரண்டு பலூன் என்று நான் எழுதியதற்குப் பதினொன்று வரைந்து, அத்தனை பள்ளிக்கூடமும் எங்களைப் போனில் வறுத்தெடுத்ததே, நினைவிருக்கிறதா? அந்தப் பலூனுக்கும் கண்தான் காரணம் என்று இப்போது சாதிக்கிறார். அது நடந்து இருபது வருஷம் ஆகிறது.

இதுவரை எழுதியதை அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். "குழாய், முட்டி, பலூன் எல்லாம் வந்தாச்சு. விஷயத்துக்கு வாங்க. நீங்க முடிக்கிறதுக்குள்ள தபால்காரர் ரிட்டயர் ஆயிடுவார்" என்கிறாள். வருகிறேன். அங்கேதான் கால் பின்னுகிறது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். மூன்றாம் வகுப்பு எடுப்பவர். இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கும் எங்கள் பதினாலாம் தாளைப் பற்றிக் கேட்டிருந்தார். அந்த எண்ணைப் பார்த்ததுமே நீ கடிதத்தைக் கீழே வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு மேலே படி. இருபத்தாறு வருஷமாக நான் உன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒருமுறைகூட என் வாயால் சொன்னதில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளையும் பத்துக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அலுவலக விதி. பத்துக் குழந்தைக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் ஒன்று இருந்தது. படிவத்தில் பத்து என்று எழுதிவிட்டு உன்னிடம் கொடுப்பேன். சாயங்காலம் பால் குடித்து முடித்ததும் நீயாகவே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன தாள்ப்பா?" என்று கேட்பாய். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பேன். நீ முடித்ததும் ஓரத்தில் நேரத்தைக் குறிப்பேன். ஒன்பது நிமிடம். எட்டு நிமிடம். ஒருமுறை ஆறரை நிமிடத்தில் முடித்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினாய்.

அந்த வருஷம் 'தவறைக் கண்டுபிடி' என்று ஒரு தாள் வேண்டும் என்றார்கள். சரியான கணக்கு எழுதுவது எளிது. நல்ல தவறு எழுதுவது அப்படி இல்லை. பெரியவர்கள் யோசித்துச் செய்யும் தவறு போலியாக இருக்கும், குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டு நாளாக நான் தவறு தேடி அலைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உன் நோட்டில் இருந்தது.

52-இல் 37-ஐக் கழிக்க வேண்டும். 2-இல் 7 போகாது. பக்கத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்கிக் கழித்தால் 15. கடன் வாங்கத் தெரியாத குழந்தைகள் தலைகீழாக 7-இல் 2-ஐக் கழித்து 5 போடும். அப்போது 25 வரும். உலகத்திலேயே அதிகம் செய்யப்படும் தவறு அதுதான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவன் நான். உன் நோட்டில் ஆறு கணக்கு, ஆறிலும் அதே மாதிரி விடை. முதல் கணக்கில் 25. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. உன் கையெழுத்திலேயே அச்சிட்டால் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன்.

நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். "கீழயும் இருக்குப்பா" என்றாய். "போதும்மா, எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு" என்று சொல்லிப் பக்கத்தின் மேல்பாதியை வெட்டி எடுத்துக்கொண்டேன். நீ மறுபடியும் சொன்னாய். நான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தாளின் தலைப்பில் உன் செல்லப்பெயரையே வைத்து, 'சுண்டு செய்த கணக்கைப் பார். எங்கே தவறு?' என்று போட்டேன். அடியில் பொடி எழுத்தில், 'தவறு செய்வது தவறில்லை' என்றும் போட்டேன். ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு எப்போதுமே இடம் மிச்சமிருக்கும்.

அது உன் வகுப்புக்கே வந்துசேரும் என்று நான் யோசிக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று சாயங்காலம் தவறாமல் "சுண்டு!" என்று கூவியவனே நான்தான், உன் வகுப்பில் யாருக்குத் தெரியாமல் இருந்திருக்கும்? உன்னை எழுப்பி நிற்கவைத்து விளக்கச் சொன்னார்கள் என்றும் நீ வாயைத் திறக்கவில்லை என்றும் அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் உனக்குப் பெயரே 'இருபத்தஞ்சு' ஆகிவிட்டது என்றும் சொன்னாள். "அப்பா ஏன் என் தப்ப எல்லாருக்கும் குடுத்தாங்க?" என்று நீ அவளிடம் கேட்டிருக்கிறாய். அவள் என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன். ஊரில் எத்தனையோ சுண்டு இருக்கும், நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றேன்.

இப்போது அந்த ஆசிரியைக்கு வருகிறேன். அவர் வகுப்பில் ஒரு பெண் குழந்தை மட்டும் ஆறாவது கணக்கில் தவறே இல்லை என்று எழுதியிருக்கிறாள். 81-இல் 46-ஐக் கழிக்கும் கணக்கு. தாளில் இருக்கும் விடை 45. ஏன் தவறில்லை என்று கேட்டதற்கு அவள், "அஞ்சுக்கு மேல கோடு போட்டிருக்காங்க மிஸ். அப்படின்னா இன்னும் அஞ்சு குறைக்கணும். நாப்பதுல அஞ்சு போனா முப்பத்தஞ்சு. இவங்க தப்பா போடல, பாதியில நிறுத்திட்டாங்க" என்றாளாம். அந்தக் கோடு வேண்டுமென்றே போட்டதா, அச்சுப் பிழையா என்பது ஆசிரியையின் கேள்வி.

அச்சில் விழுந்த கறை என்று பதில் எழுதக் காகிதத்தை எடுத்துவிட்டேன். அப்போது ஓவியர் தன் மேஜையிலிருந்து, "சார், அது கறை இல்ல. எல்லா அஞ்சு மேலயும் கோடு இருந்துச்சு. என்ன பண்றதுன்னு உங்களைக் கேட்டேன். பென்சில் பட்டிருக்கும், அழிச்சிடுங்கன்னு சொன்னீங்க. கடைசி ஒண்ணு எழுத்தோட ஒட்டியிருந்துச்சு, அழிச்சா அஞ்சே போயிடும்னு விட்டுட்டேன்" என்றார். பலூன் எண்ணத் தெரியாத மனுஷருக்கு இது மட்டும் இருபத்தாறு வருஷமாக நினைவில் இருக்கிறது.

அன்று பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் மூன்றாம் வகுப்பு நோட்டுகள் அலமாரியின் மேல்தட்டில், என் பழைய கோப்புகளோடு இருந்தன. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, பாதிப் பக்கம்தான் இருந்தது. என் கத்தரி போன கோடு கோணலாக இருந்தது. அதற்குக் கீழே நீ வரிசையாக எண் போட்டு ஆறு விடை எழுதியிருக்கிறாய். முதல் விடை 15. ஆறாவது 35. நடுவில் இருக்கும் நான்கையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆறும் சரி.

நீ கடனே வாங்கவில்லை. ஐம்பதில் முப்பது போனால் இருபது. இரண்டில் ஏழு போக ஐந்து குறைகிறது, அந்த ஐந்தின் தலையில் ஒரு கோடு. பிறகு இருபதில் ஐந்தைக் குறைத்துப் பதினைந்து. இதை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் தரவில்லை. நம் கட்டிட லிஃப்டில் தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் தளங்களுக்கு எண்ணின் தலையில் ஒரு சின்னக் கோடு இருக்கும். நீ எம்பி எம்பி அந்தப் பொத்தானை அழுத்துவாய். அங்கிருந்துதான் எடுத்தாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கழித்தலுக்கு நானூறு தாளாவது எழுதியிருப்பேன். என் சொந்த மகள் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்துக் கண்ணெதிரே வைத்தபோது எனக்குத் தெரிந்தது அந்தப் பழைய தவறுதான். அதையே தேடிக்கொண்டு போனேன், அதுதான் கண்ணில் பட்டது.

அந்த நோட்டோடு என் சோதனைக் குறிப்பும் இருந்தது. பதினாலாம் தாள் வந்த மாதத்திலிருந்து நேரங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. பதினான்கு நிமிடம். இருபத்திரண்டு. அப்புறம் 'முடிக்கவில்லை' என்று இரண்டு தடவை. அப்புறம் 'செய்ய மறுத்தாள்'. அதற்கு எதிரே என் கையெழுத்தில், 'குழந்தை ஆர்வம் இழக்கிறாள், தாளில் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. எட்டிலிருந்து ஆறாகக் குறைத்தேன். அதற்காக அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. தெரியாமலே விட்டுவிடலாம். ஆனால் பாதியை வெட்டிப் பாதியைக் காட்டுவது போதும் என்று தோன்றுகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் இடங்களில் எல்லாம் இந்தத் தாளைத்தான் முதலில் காட்டுவேன். "இது ஒரு தொற்றுநோய். நம்ம வீட்டிலேயே ஒரு நோயாளி இருக்கா" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அதைச் சொல்வேன். நீ கல்லூரியில் கணக்கு இல்லாத பாடமாகத் தேடிச் சேர்ந்த வருஷத்திலும் சொன்னேன். உன் கல்யாணத்துக்குப் பிறகும் சொன்னேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முகமே தெரிந்திருக்கவில்லை.

நோட்டை அம்மாவிடம் காட்டினேன். காட்டும்போது அழுதேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவளுக்கு மனம் இளகும் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு விடைகளையும் பார்த்தாள். "அவ அன்னைக்கே சொன்னா. நீங்கதான் கேக்கல" என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்ப இது தப்பில்லன்னு தெரிஞ்சதும் அழறீங்க. தப்பாவே இருந்திருந்தா? அப்ப நீங்க செஞ்சது சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டுக் குழாயடியில் வாளியை மாற்றப் போய்விட்டாள்.

அதற்கு விடையை இரண்டு வாரத்துக்கு மேலாகத் தேடிவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதம். முதலில் எழுதிய கடிதத்தில், 'நீ போட்டது சரிதான், எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்' என்று பெருமையாக எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டேன். நீ எட்டு வயதில் கேட்டது உன் கணக்கு சரியா என்று இல்லையே. உன் தப்பை ஏன் எல்லாருக்கும் கொடுத்தேன் என்றுதானே கேட்டாய்?

எனக்கு ஒரு நல்ல தாள் வேண்டியிருந்தது, அதனால் கொடுத்தேன். வேறு காரணம் இல்லை. அப்போது என் கண்ணுக்கு உன்னைவிடத் தாள் பெரிதாகத் தெரிந்தது. அது தப்பு. உன் விடை சரியாக இருந்திருந்தாலும், தப்பாக இருந்திருந்தாலும், நான் செய்தது தப்பு. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றினேன்.

அலுவலகத்தில் பேசினேன். அந்தத் தாளைத்தான் எல்லாப் பள்ளியும் கேட்டு வாங்குகிறது, மாற்ற முடியாது என்றார் மேலாளர். அப்படியானால் என் பெயரில் எந்தத் தாளும் இனி வெளிவர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சம்மதித்தார். அடுத்த அச்சில் பதினாலாம் தாள் வேறு. கோடு போட்ட ஐந்தோடு மேல்பாதி இருக்கும், கீழ்ப்பாதி காலியாக இருக்கும். 'இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. எப்படி யோசித்திருப்பார்கள்? முடித்துப் பார்' என்று மட்டும் கேட்டிருக்கிறேன். யார் போட்ட கணக்கு என்று பெயர் போடவில்லை. கேட்காமல் ஒருமுறை போட்டது போதும். அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணிடம் மட்டும், அந்தக் கோட்டைப் புரிந்துகொண்ட முதல் ஆள் நீதான் என்று ஆசிரியை வழியாகச் சொல்லச் சொன்னேன். ஏற்கெனவே போன தாள்களைத் திருப்பி வாங்க முடியாது. இந்நேரம் ஏதோ ஒரு வகுப்பில் யாரோ உன் ஐந்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குழந்தைக்கு நான் எந்தத் தாளும் அனுப்பவில்லை, இனியும் அனுப்ப மாட்டேன், நீ கேட்டால் ஒழிய. கடன் வாங்கிக் கழிப்பதை அவள் நான்கு மாதம் தாமதமாகக் கற்றால் ஒன்றும் குடிமுழுகாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அவள் நோட்டைக் கொண்டுவரும்போது எழுந்து போகாமல் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார். சொல்லித்தர வேண்டாம். என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளையே சொல்லச் சொல். அவள் சொல்லி முடிக்கும்வரை இரு. கணக்கைக் கண்டு பயப்படுகிறவள் நீ என்று இருபத்தாறு வருஷமாக நானும் நம்பி, உன்னையும் நம்பவைத்துவிட்டேன். கணக்கு உனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லையம்மா. செய்தது நான்.

உள்ளே இருப்பது அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி. மேல்பாதி அச்சகத்துக்குப் போனது, திரும்பவில்லை. பத்திரமாக வை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் அலமாரியில் இருப்பதைவிட உன் கையில் இருப்பதே முறை.

அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். வழக்கம்போல ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் பக்கத்து அறையில் இருக்கமாட்டேன், அவள் பக்கத்திலேயே இருப்பேன். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. பேசாவிட்டாலும் குறையில்லை.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள். உங்கள் வீட்டு மேஜையில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும். குழந்தையை முத்தமிட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஆறு விடைக்கும் சரி போட்டிருக்கிறேன். பென்சிலால்தான் போட்டேன். வேண்டாம் என்றால் அழித்துவிடு. உன் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.